நிகாஹ் அன்று அவர் தெளிவாக இருந்தார்

பெயர்: மீராலெப்பை நபீஸா. வயது: 54. முகவரி: கடற்கரை வீதி, மருதமுனை. தொழில்: கைத்தறிக்கு நூல் சுற்றுதல். மேற்படி நபீஸா ஆகிய நான் எவருடைய வற்புறுத்தலும் இன்றிச் சொல்வதாவது:

நேற்று வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பின்னர் எங்கள் வளவில் வைத்து எனது கணவர் ஆதம்லெப்பை பளீல் எனது மகளின் கணவர் றிஸ்வானைப் பொல்லால் அடித்துக் காயப்படுத்தியது பற்றி விசாரிக்க வேண்டும் என்று அறிவிக்கப்பட்டதால் இன்று காலை பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். எனது கணவர் நேற்றிலிருந்து இங்கே தடுத்து வைக்கப்பட்டிருக்கிறார். அவருக்குச் சித்தசுவாதீனம் உண்டா இல்லையா என்பதே முதற் கேள்வியாக என்னிடம் கேட்கப்பட்டது. உண்டு. அவருக்கு ஒரு நோயும் இல்லை. இதற்கு நேர்மாறாக நான் வேறோர் இடத்தில் சொல்லியிருப்பது எனக்கு ஞாபகமூட்டப்பட்டது. சொல்லியிருக்கிறேன். அதை வாபஸ் வாங்குவதற்காகவே இவ்வளவு விபரமாகச் சொல்கிறேன். ஒழுங்காகச் சொல்லும்படி கேட்கப்பட்டதால் தொடக்கத்திலிருந்து வருகிறேன்.

எனது கணவர் ஊர்காவற்படையில் சேர்ந்தது எங்களுக்குக் கலியாணம் முடிந்த அடுத்த வருடம். அக்காலத்தில் எங்கள் ஊர் ஆண்கள் காவல் இல்லாமல் வயலுக்குப் போக முடியாது. சவளக்கடைப் பக்கத்து வயல்வெளியில் இருந்த காவலரணில் அவரும் றிபாஸ் என்ற இன்னொருவரும் சேர்ந்து கடமை செய்தார்கள். 2006ஆம் ஆண்டு அறுவடை நேரத்தில் அந்தக் காவலரண் தாக்கப்பட்டு றிபாஸ் மௌத்தானார். என் கணவருக்கு உடம்பில் ஒரு கீறலும் இல்லை. ஆட்கள் போய்ப் பார்த்தபோது இறந்துபோன றிபாஸின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவருடன் கதைத்துக்கொண்டிருந்தார் என்று சொன்னார்கள். அதன் பின்னர் அவர் மறுபடியும் கடமைக்குப் போனார். அதன் பின்னர் போவதும் நிற்பதுமாக இருந்தார். அதன் பின்னர் கடமைக்கு ஒழுங்காக வருவதில்லை என்று விலக்கிவிட்டார்கள். கீறலே இல்லாத ஆளுக்கு என்ன கொடுப்பனவு என்று அப்போது கேட்டார்கள்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, ஸஹ்றா. 2018இல் அவளுக்குச் சாய்ந்தமருதிலிருந்து றிஸ்வானை மாப்பிள்ளையாகப் பேசினோம். எங்கள் பகுதி வழக்கப்படி வீட்டை மகளுக்கு எழுதி, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு எடுத்துவிட்டு, நானும் கணவரும் பின்வளவில் தகரக் கொட்டிலுக்கு மாறினோம். பேச்சு நடந்தபோது தகப்பனுக்குச் சுகமில்லையாமே என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். “அவர் கதை கொறஞ்ச மனிசன், வேற ஒண்டும் இல்ல” என்று நான் சொன்னேன். எங்கள் மார்க்கத்தில் பெண்ணைக் கொடுப்பதற்கு அவளுடைய பக்கத்து ஆண் ஒருவர் வலீயாக நிற்க வேண்டும். தகப்பன்தான் முதல் வலீ. அவருக்குப் புத்தி சரியில்லை என்றால் அந்த உரிமை அடுத்த உறவினருக்குப் போய்விடும். கணவரின் தம்பி சாலிஹ் தான் நிற்பதாகச் சொன்னார். அவர் நின்றால் தகப்பன் ஏன் நிற்கவில்லை என்ற கதை வரும். ஆகவே என் கணவரே நின்றார்.

நிகாஹ் எங்கள் வீட்டு ஹோலில் நடந்தது. நான் அறை வாசல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். என் கணவர் புது வெள்ளைச் சேர்ட்டும் தொப்பியும் போட்டு, றிஸ்வானின் கையைப் பிடித்துக்கொண்டு, பதிவாளர் சொல்லிக் கொடுத்த வசனத்தை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னார். நான் அழுதேன். அப்படி ஒரு சந்தோசம் எனக்கு அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை. வெடி கொளுத்த வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் நான் காலில் விழாத குறையாகக் கேட்டேனா என்று இப்போது கேட்கப்பட்டது. கேட்டது உண்மை. வீண்செலவு என்பதால் கேட்டேன். சாலிஹ் நிகாஹ் முடியும்வரை என் கணவரின் தோளில் கை வைத்தபடி பின்னால் இருந்ததும் உண்மை. அண்ணன் தம்பி அப்படித்தான் இருப்பார்கள்.

அதன் பின்னர் சில வருடங்கள் கழித்து, படையில் இருந்து மனநோய் வந்தவர்களுக்கும் அங்கவீனக் கொடுப்பனவு உண்டு என்று கேள்விப்பட்டு அவருக்காக விண்ணப்பித்தேன். கை போனவர் கையைக் காட்டுவார். இதில் எதைக் காட்டுவது? நோய் கடமையின்போது தொடங்கியது என்றும் அன்றிலிருந்து இடைவிடாமல் இருக்கிறது என்றும் நிரூபிக்க வேண்டும் என்றார்கள். விண்ணப்பம் பல தடவை திரும்பி வந்தது. கடைசியாக இந்த வருடம் ஓர் உத்தியோகத்தர் வீட்டுக்கு விசாரிக்க வந்தார். நல்ல மனிசன், தேத்தண்ணி குடித்துவிட்டு ஆறுதலாகக் கேட்டார். என் கணவர் படுத்து உறங்குவதில்லை, படலையைப் பார்த்தபடி சுவரில் சாய்ந்திருந்தே கண்ணயர்வார் என்றும், பொழுதுக்கும் றிபாஸுடன் கதைக்கிறார் என்றும், தறிச் சத்தம் தாங்க மாட்டார் என்பதால் தறியைக் கொடுத்துவிட்டேன் என்றும், கிளினிக்கில் தரும் குளிசை தவறினால் என்னையே அடையாளம் தெரியாது என்றும் அவரிடம் சொன்னேன். “இடையில ஒரு நாளாவது சுகமா இருந்தாரா?” என்று அவர் கேட்டார். சுகமாக இருந்த நாள் உண்டு என்று சொன்னால் விண்ணப்பம் மறுபடியும் திரும்பிவிடும் என்று எனக்குத் தெரியும். “ஒரு நாளும் இல்ல சேர்” என்று சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் உள்ள ஒருவரும் அப்படியே சொன்னார். அதன் பின்னர்தான் எல்லாம் சரிவந்தது. அடுத்த மாதம் வைத்திய சபைக்கு வரும்படி திகதியும் தந்தார்கள்.

ஒரு நாளும் இல்லை என்று சொன்னபோது நிகாஹ் நாளும் அதற்குள் வரும் என்று நான் நினைக்கவில்லை. நினைத்தவர் றிஸ்வான். நிர்வாகத்தில் இருந்தவர் வாயால் கதை அவரிடம் போனது. அதற்கு முன்னரே றிஸ்வான் என் மகளை விட்டுத் தன் தாய் வீட்டுக்குப் போயிருந்தார். தனக்கும் தங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் தாபரிப்புச் செலவு கேட்டு ஸஹ்றா, எங்கள் கலியாண வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தாள். அங்கே எல்லோர் முன்னாலும் றிஸ்வான் எழும்பி, “மாமாக்கு ஒரு நாளும் சுகமில்லயாம், மாமியே சொல்லியிரிக்காங்க. அப்ப நிகாஹ் அண்டும் விசர்தானே. விசர் மனிசன் குடுத்த பொண்ணு எனக்கு எப்படிப் பொஞ்சாதியாகும்?” என்று கேட்டார். காதியார் முடிவு சொல்லவில்லை. தகப்பனின் நிலை பற்றிச் சாட்சி கொண்டுவரும்படி சொல்லித் தவணை போட்டார்.

நாங்கள் ஒரு மௌலவியிடம் போய்க் கேட்டோம். “புள்ளைகள்ல குத்தம் ஒண்டும் இல்ல. ரெண்டு பேரும் சம்மதிச்சா நிகாஹ் புதுசா செஞ்சிரலாம்” என்று அவர் சொன்னார். சம்மதிக்கிற ஆள் எதற்காகச் சபையில் அப்படிக் கதைக்கப் போகிறார்? சாய்ந்தமருதில் அவருக்கு வேறு இடம் பேசுவது ஊருக்கே தெரியும். நிகாஹ் இல்லையென்று ஆகிவிட்டால் தலாக்கும் இல்லை, அவளுக்குத் தாபரிப்பும் இல்லை, உதறிவிட்டுப் போகலாம். இத்தனை வருடமும் என் மகள் எந்த முறையில் அவருடன் இருந்தாள் என்று கேட்க ஊரில் வாய்களுக்குக் குறைவில்லை. காதியிலிருந்து வந்த அன்று ஸஹ்றா என்னிடம், “உம்மா, வாப்பாட காசுக்காக என்ன வித்துப் போட்டீங்களே” என்றாள். அதன் பின்னர் அவள் என்னோடு கதைக்கவில்லை. ஒரே வளவில்தான் இருக்கிறோம்.

நேற்று நடந்தது இதுதான். றிஸ்வான் தன் உடுப்புகளை எடுத்துப் போக மோட்டார் சைக்கிளில் வந்து, முன்பக்கம் வராமல் பின் ஒழுங்கையால் எங்கள் கொட்டில் பக்கத்துப் படலையைத் திறந்தார். அந்நேரம் பக்கத்து வளவில் பாண்டிருப்பைச் சேர்ந்த அழகரெத்தினம் என்பவர் தென்னை மரம் தறித்துக்கொண்டிருந்தார். மரம் விழுந்தது. என் கணவர் கதவோரம் இருந்த பொல்லை எடுத்துக்கொண்டு எழும்பி, “ஆரது? நில்லு. கையத் தூக்கு” என்று கேட்டார். றிஸ்வான், “நான்தான் மாமா” என்று சொல்லிக்கொண்டு கிட்டே வந்தார். அதன் பின்னர் என் கணவர் அவரை அடித்தார். நெற்றி வெடித்து இரத்தம் வந்தது. அதன் பின்னர் நான் கால் தடுக்கி விழுந்தேன்.

மருமகனிடம் ஆரது என்று ஏன் கேட்டார் என்று என்னிடம் கேட்கப்பட்டது. றிஸ்வான் தலைக்கவசம் போட்டிருந்தார். கையில் தொங்கவிட்டிருந்ததாக அழகரெத்தினம் சொல்லியிருப்பது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அவர் மரத்தைப் பார்த்தாரா, தலைக்கவசத்தைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் தடுக்கி விழவில்லை என்றும், என் கணவர் “றிபாஸ், குனி” என்று கத்தி என் தலையை நிலத்தோடு அமர்த்தி, என்மேல் கவிழ்ந்து மூடிக்கொண்டார் என்றும், பொலிஸார் வந்து இழுக்கும்வரை எழும்பவில்லை என்றும் அவர் சொல்லியிருப்பதும் வாசித்துக் காட்டப்பட்டது. மரம் விழுந்த சத்தத்தில் அவருக்குச் சரியாகக் கேட்டிருக்காது. மனைவி விழுந்தால் புருசன் தூக்க வருவான். தூக்க வந்ததைத்தான் அவர் அப்படிக் கண்டிருக்கிறார்.

இருந்தபடி உறங்குவது ஏன் என்று கேட்கப்பட்டது. மூச்சிழுப்பு. தறியைக் கொடுத்தது ஏன் என்று கேட்கப்பட்டது. கொட்டிலில் இடமில்லை. றிஸ்வானை அடித்தது ஏன் என்று கேட்கப்பட்டது. தன் மகளைப் பார்த்து நிகாஹ் இல்லாதவள் என்று சொன்னவனை எந்தத் தகப்பனும் அடிப்பான். என் கணவர் கோபத்தில், ஆர் என்று தெரிந்துகொண்டே அடித்தார். எனக்கும் அடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. அதையும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் எழுதிக்கொண்டிருந்த பெண் சார்ஜன்ட் பேனையை வைத்துவிட்டு, “அக்கா, ஒருக்கா யோசிச்சுப் பாருங்க. சுகமில்ல எண்டா ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி நீதவான்ட்டக் கேக்கலாம். சுகம் எண்டு சொன்னா மத்த ஆக்களோட மறியல்லதான் அடைச்சுப் போடுவாங்க” என்று சொன்னார். அவர் நன்மைக்குத்தான் சொன்னார். முன்னர் சொன்னது பொய் என்றால் அதற்காக என்மேலும் வழக்கு வரலாம் என்று எனக்கு விளங்கப்படுத்தப்பட்டது. ஓம், விளங்கியது. யோசித்தேன். போவதற்கு இரண்டு பாதை இருந்தால்தான் யோசிக்க நேரம் எடுக்கும்.

ஆகவே நான் தெளிவாகச் சொல்வது: எனது கணவர் பளீல் 2006இலும் சுகமாக இருந்தார், 2018இல் மகளைக் கொடுத்தபோதும் சுகமாக இருந்தார், நேற்றும் சுகமாக இருந்தார். உத்தியோகத்தரிடம் நான் சொன்னவை கொடுப்பனவுக்கு ஆசைப்பட்டுச் சொன்னவை. அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வைத்திய சபைக்கு என் கணவரைக் கூட்டிப் போக மாட்டேன். அந்தத் திகதியை வேறு ஆருக்காவது கொடுக்கட்டும், காத்திருப்பவர்கள் நிறையப் பேர். காதியார் கேட்ட சாட்சியாக இந்த வாக்குமூலத்தின் பிரதி ஒன்றை என் மகளுக்குத் தரும்படி கேட்கிறேன். நான் கொடுத்தால் வாங்க மாட்டாள், பொலிஸார் கையாலேயே கொடுக்க வேண்டும்.

அதன் பின்னர் மறியலுக்குப் போகும் என் கணவருக்கென்று நான் கொண்டுவந்த பை என் முன்னிலையில் திறந்து பார்க்கப்பட்டது. அதில் இரண்டு சாரன், ஒரு துவாய், சவர்க்காரம், தொப்பி, கடுதாசியில் சுற்றிய குளிசைகள் என்பன இருந்தன. குளிசைகள் ஆருடையவை என்று கேட்கப்பட்டது. என்னுடையவை என்று சொன்னேன். உங்கள் கணவருக்குக் கொடுக்க வேண்டியவை இல்லையா என்று மறுபடியும் கேட்கப்பட்டது. இல்லை, என்னுடையவை, கைமாறி இதற்குள் வந்துவிட்டன என்று சொன்னேன். அவற்றைத் திருப்பித் தந்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன்.

எழுதியதெல்லாம் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. இதில் நான் சொன்னது அத்தனையும் உண்மை என்று ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்து வைக்கிறேன்.

(ஒப்பம்) மீ. நபீஸா