வளைவுக்கு முட்டு

அட்சயா, உந்தப் போன் வெளிச்சத்தை நூத்துவிடு... எல்லாரும் கிட்ட வாங்கோ. இடையில ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்.

பின்னேரம் அஞ்சரை. டிசம்பர் எண்டபடியால் கும்மிருட்டு. கனடாவில, ஒஷாவாவுக்கு வடக்கால, வீடுவாசல் குறைஞ்ச றோட்டு... அதில ஒரு வான் தனியப் போகுது. ஓடுறது றொய்சன். இந்தா இருக்கிற எங்கட சுபாங்கிக்கு ஒண்டவிட்ட தமையன். வீட்டு வாசலுகளுக்கு இன்ரர்லொக் கல்லுப் பதிக்கிறவன்.

அவனுக்கு வயித்தெரிச்சல். ஆரில? தான் தொழில் பழக்கிவிட்ட கீதனில. கீதன் அங்க ஒரு பணக்கார வீட்டு வாசலில, அந்தக் காலத்து றோமர் கட்டினமாதிரிக் கல்வளைவு கட்டிப்போட்டான். சீமெந்து, சாந்து ஒண்டுமில்லை. ஆப்பு மாதிரி வெட்டின கல்லுகள், கீழ தாங்கிப்பிடிக்க மரமுட்டு, உச்சியில ஒரு நடுக்கல். நடுக்கல் இறுகினால் மரமுட்டைக் கழட்டலாம், வளைவு தன்ர பாட்டில நிக்கும். கழட்டேக்குள்ள கட்டினவன் கீழ நிக்கவேணும், அது றோமர் வழக்கமாம் எண்டு கீதன் சொல்லித் திரிஞ்சவன். சனிக்கிழமை காலமை கழட்டுறதாய் இருந்தது. மல்வேர்ன் பக்கத்துத் தமிழ்ச்சனத்தின்ர வாயில கீதன், கீதன்... றொய்சனுக்குச் சோறு இறங்கேல்லை. இருபது வருசம் முழங்கால் தேய்ச்சது நான், பேர் உவனுக்கோ எண்டு புகைஞ்சான்.

அதுதான் வெள்ளி பின்னேரம் போனவன். ஏணி வைச்சு ஏறி, நடுக்கல்லைக் கிளப்பி, ரெண்டு பக்கமும் நகக்கண் அளவு அராவி, இனி இறுகாதபடி திரும்ப வைச்சான். விழேக்குள்ள கீதன் பாய்ஞ்சிடுவான், மானம் மட்டும்தான் போகும்... அப்பிடித் தனக்குத்தானே சொன்னானாம். பச்சைப் பொய்! கல்லு விழுந்தால் கீழ நிக்கிறவன் தப்பான் எண்டு அவனுக்கு நல்லாத் தெரியும்.

இறங்கி ரெண்டடி வைக்கேல்லை... டொக்.

மரத்தில சுத்தியல். டொக்... டொக். ஈரச் சுண்ணாம்பு மணம். வளைவுக்குக் கீழ நெடுவலாய் ஒருத்தன், முதுகைக் காட்டிக்கொண்டு. மைனஸ் பதினைஞ்சு குளிருக்கு ஜக்கெற் இல்லை, சப்பாத்து இல்லை. மூச்சுப் புகையும் இல்லை. மரமுட்டைக் கழட்டுறான்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடிச்சுது. கீதன்.

"அண்ணை, நாளைக்கு நீங்கள்தான் கீழ நிக்கவேணும். கட்டினது எங்கட றொய்சன் அண்ணை எண்டுதான் வீட்டுக்காரருக்குச் சொன்னனான். நீங்கள் பழக்கின கைதானே."

தடாரெண்டு முட்டு சரிஞ்சுது. வளைவு விழேல்லை... அந்த நெடுவல் ரெண்டு கையாலயும் நடுக்கல்லைத் தாங்கிக்கொண்டு நிக்கிறான். மெல்லத் திரும்பினான். வா, இனி உன்ர முறை எண்டமாதிரித் தலையை ஆட்டினான்.

விடிய கீதன் போய்ப் பார்த்தால், முட்டு கீழ கிடக்குது, வளைவு கம்பீரமாய் நிக்குது. றொய்சன் வானுக்குள்ள விறைச்சுப்போய் இருக்கிறான், உயிர் மட்டும் இருக்கு. உள்ளங்கை ரெண்டும் சுண்ணாம்பு வெள்ளை. அந்த வளைவில சுண்ணாம்பே இல்லை, கேட்டியளோ.

அண்டையில இருந்து அஞ்சரை அடிச்சால் காணும்... வீட்டு நடு ஹோலில வந்து, கையை ரெண்டையும் தலைக்கு மேல தூக்கிக்கொண்டு நிப்பான். விடியுமட்டும். பகலில ஆர் தாங்குறது எண்டு என்னட்டைக் கேளாதேயுங்கோ. பெண்சாதி ஸ்டெபனி செபமும் செய்து பார்த்தா, டொக்டரிட்டையும் கொண்டுபோனா. போன கிழமை, பார்க்கச் சகிக்காமல், பாவம், அழுதழுது அவன்ர ஒரு கையைப் பிடிச்சுக் கீழ இறக்கினா.

உடன அவன்ர போன் அடிச்சுது. ஸ்டெபனி எடுத்தா. கீதன்.

"அண்ணி, அண்ணையைக் கூப்பிடுங்கோ... வளைவுக்கு லைற் பூட்ட வந்தனான். கல்லு ஒருபக்கம் இறங்குது... வீட்டுக்காரற்ற சின்னதுகளும் என்னோட கீழதான் நிக்குதுகள்..."

ஸ்டெபனி போனைக் கீழ வைச்சா. றொய்சன்ர கையைத் தானே பிடிச்சு, மெல்ல... திரும்ப மேல தூக்கிவிட்டா.