ஏழாவது வரியில் ஒரு பூனை

ஹலோ... நீ கத்தினா நானும் கத்துவேன் தம்பி... நான் பேசிட்டிருக்கேன்ல... பூனை பால் குடிக்கலைன்னா அதுக்கு நான் என்னடா பண்றது? பசி இல்லாம இருக்கும்.

சரி, சரி. கியர் எங்கே?... எண்ணெயில முக்கி எடுத்து மேசையில வச்சாச்சு. ஆமா, ஆமா. கியர் வாங்க வந்த ஜெர்மன்காரர்?... தட்டுக்குப் பக்கத்துல குந்தி உக்காந்து பூனையையே பாக்கறாரா. கையில கடிகாரம் வேற.

அந்த ஏழாவது வரி நான் எழுதினதுதான், இல்லேங்கலை. ஜெர்மன் செய்முறைத் தாளை இங்கிலீஷ்ல மொழிபெயர்க்கறப்போ நடுவுல எந்திரிச்சா, எந்த இடத்துல விட்டேன்னு ஓரத்துல குறிச்சு வைப்பேன். முப்பது வருஷப் பழக்கம். 'இங்கே நிறுத்து. பூனைக்குப் பால்.' அது எனக்கு நானே எழுதிக்கிட்டது. உன் டைப்பிஸ்ட் அதையும் சேர்த்து அடிச்சு, ஏழுன்னு நம்பர் போட்டு, நீ சட்டம் போட்டு உலைக்கு மேல மாட்டிட்டே. படிச்சாவது பாத்தியா?... 'அக்கா எழுதினா சரியாத்தான் இருக்கும்'னா... நல்லா இருக்குடா உன் மரியாதை.

தெரியும். போன வாரம் அந்த வரியை எடுத்துட்டு, சுடச்சுட அடுத்த உலைக்குள்ள தள்ளினீங்க, ஆறு கியர் விரிசல். பூனையைத் திரும்பக் கொண்டாந்தீங்க, ஒண்ணுகூட விரிசல் விடலை... அடையாள அட்டையா? பூனைக்கா? கழுத்துல மாட்டியிருக்கா?

இரு. வைக்காதே. ஜெர்மன் தாள் இங்கேதான் எங்கேயோ... கண்ணாடியைக் காணோம்... ஆங். ஆறாவது வரி, அப்ஷ்ரெக்கன். எண்ணெயில முக்கறது. அது சரி. அடுத்தது...

...

வைக்காதே, படிச்சிட்டிருக்கேன்டா.

இங்க ஒரு வரி இருக்கு தம்பி. நான் இதை இங்கிலீஷ்ல போடவே இல்லை. பாலை வச்சுட்டு வந்து, இதுக்கு அடுத்த வரியில ஆரம்பிச்சிருக்கேன். 'ஹாண்ட்வார்ம்.' கை பொறுக்கற சூடு வரைக்கும் ஆறவிடு, அப்புறம் தாமசிக்காம அடுத்த உலைக்கு... ஆமா. பூனை நக்கி முடிக்கற நேரத்துல கியர் ஆறியிருக்கு. அவ்வளவுதான் ரகசியம்.

அப்புறம் திட்டு. கையை வை... பொறுக்குதா?... அப்ப தள்ளு உள்ளே. ரொம்ப ஆறினாலும் விரிசல்தான். பூனை கிடக்கட்டும்.

தடுக்கறாரா? தாள்ல இருக்கறதுதான் நடக்கணுமா?... அப்ப சொல்லு அவர்கிட்ட. மொழிபெயர்த்தவ ஒரு வரியை விட்டுட்டான்னு சொல்லு... மிச்சத்தை எப்படி நம்பறதுன்னு கேப்பாரு, கேக்கட்டும். நாப்பது வரியையும் இப்பவே படிச்சுக் காட்டறேன். இனிமே எவனும் எனக்கு வேலை தரமாட்டான், அது என் பாடு. இந்தக் கியர் போனா உன் பட்டறையே போச்சு. சொல்லுடா.

...

என்ன பண்றார்?... அவரே கையை வச்சுப் பாக்கறாரா... தலையாட்டறாரா. உள்ள போயிடுச்சா? அப்பாடா.

ம்... ம்... புது வரியைச் சேர்க்கலாம்னு சொல்றாரா, நல்லது... ஆனா?

பூனையை எடுக்கக் கூடாதா?... முன்னூறு கியர் அதோடதான் பாஸாச்சு, எடுத்தா எல்லாத்தையும் திரும்பச் சோதிக்கணுமா... சரி, அது உன் தலைவலி... எனக்கா? அந்தப் பூனை வரியை நான் ஜெர்மன்ல எழுதித் தரணுமா?... அவங்க பட்டறைச் சுவத்துல மாட்டறதுக்கா?

தம்பி, அவரை ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லு. அங்க பூனை இருக்கா?