எட்டுப் பேரில் ரெண்டு பேர்

பாஞ்சாலி: ...அப்ப சோப்புத் தண்ணிதான் காரணம்?

ஆதிகேசவன்: ஆமா. வழுக்குச்சு, கைய ஊனினேன், மணிக்கட்டு போச்சு. அவ்ளோதான்.

பாஞ்சாலி: போன மாசம் விழுந்தப்ப பூனை குறுக்க வந்துச்சுன்னீங்க.

ஆதிகேசவன்: அது வேற தடவ.

பாஞ்சாலி: பூனை, சோப்பு... அடுத்தது என்னண்ணா, யானையா?

ஆதிகேசவன்: சிரிக்க வெக்காதம்மா. ஆஸ்பத்திரி பெஞ்சுல எல்லாரும் பாக்கறாங்க.

பாஞ்சாலி: அம்பத்திமூணு வயசுக்கு இப்படியா விழறது. எங்க தெருவுல சந்திரம்மாவுக்கு எழுபது. கொடத்தோட மாடி ஏறுது.

ஆதிகேசவன்: அதுக்கு நம்மள மாதிரி எச்.ஐ.வி. இல்லையே. கிருமி ஒரு பக்கம் எலும்ப தேய்க்குதாம், மாத்திரை ஒரு பக்கமாம். டாக்டரம்மா சொன்னாங்க.

பாஞ்சாலி: அந்த மாத்திரை இல்லன்னா தேயறதுக்கு நாம எங்க இருந்திருப்போம்?

ஆதிகேசவன்: அதான். தொண்ணூத்தாறுல ரெண்டு வருஷம்னு கெடு வெச்சாங்க. பதிமூணு ஆச்சு. எலும்பு தேயற வயசு வரைக்கும் இருப்போம்னு யாரு கண்டா...

பாஞ்சாலி: இதே நோயோட எட்டு பேரு இருந்தோம்.

ஆதிகேசவன்: சனிக்கிழமையானா ஸ்ரீராம்புரம் மாடி ரூமுல கூடுவோம். முதல் நாள் நீயும் உன் வீட்டுக்காரரும் கதவுகிட்டயே நின்னீங்க. ஞாபகம் இருக்கா?

பாஞ்சாலி: உள்ள எல்லாரும் சிரிச்சிட்டு இருந்தீங்க. வீடு மாறி வந்துட்டோம்னு நினைச்சேன்.

ஆதிகேசவன்: நம்ம கூட்டத்து ஓஸ்வால்ட் கேக்கு கொண்டாந்த நாளு அது.

பாஞ்சாலி: வீட்ல எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். அங்க ஒரே தட்டுல எட்டு கை. அழுதுட்டேன். நல்லா இருந்துச்சுண்ணா அந்த நாளெல்லாம். சாவு பக்கத்துலயே உக்காந்திருந்தும் நல்லா இருந்துச்சு.

ஆதிகேசவன்: அப்பதான் கோவிந்தப்பா பேச்செடுத்தாரு. சொந்தக்காரன் நம்ம பொணத்த தொடமாட்டான், நம்மள நாமதான் தூக்கிக்கணும்னு...

பாஞ்சாலி: எட்டு பேரும் கையடிச்சு சத்தியம் பண்ணோம்.

ஆதிகேசவன்: முதல்ல போனது உன் வீட்டுக்காரரு சுந்தரம்.

பாஞ்சாலி: அன்னைக்கு எழுந்து நிக்கத் தெம்பு இருந்தது மூணு பேருக்குத்தான். என் மாமனார்கூட கிட்ட வரல.

ஆதிகேசவன்: நீ முந்தானைய இழுத்து இடுப்புல சொருகிக்கிட்டு நாலாவது ஆளா வந்து மூங்கில புடிச்ச. பொம்பள பாடை தூக்கறதான்னு ஒரு கிழவன் கேட்டான்.

பாஞ்சாலி: அப்ப நீ வாய்யான்னேன். ஆளயே காணோம்.

ஆதிகேசவன்: கோவிந்தப்பா வேற குள்ளம்.

பாஞ்சாலி: தோள்ல துண்ட மடிச்சு மடிச்சு வெச்சும் பாடை அவரு பக்கமே சாஞ்சுது. அழுதுகிட்டே சிரிச்சேன், பாவி.

ஆதிகேசவன்: அப்புறம் அவரையும் தூக்கினோம். மொத்தம் ஆறு பேரத் தூக்கியாச்சு. கடைசியா தை மாசம் ஓஸ்வால்ட். இனி நீயும் நானும்தான்.

பாஞ்சாலி: நான்தான் முன்னாடி போவேன். என்னத் தூக்க ஆட்டோ ஸ்டாண்டுல மூணு பேரு வரேன்னு சொல்லியிருக்காங்க. நாலாவது நீங்க... அந்தக் கவர் என்ன, முதுகுக்குப் பின்னாடி?

ஆதிகேசவன்: ஒண்ணுமில்ல. கை எக்ஸ்ரே.

பாஞ்சாலி: இங்க குடுங்க.

ஆதிகேசவன்: பேடாம்மா, வேண்டாம்... பிரிக்காத...

பாஞ்சாலி: கன்னடத்துல எழுதியிருக்காங்களே. 'பார எத்தபாரது'... பாரம் தூக்கக் கூடாதா? எத்தன நாளைக்கு?

ஆதிகேசவன்: இனிமே எப்பவும். முதுகெலும்புல ரெண்டு நொறுங்கியிருக்காம். பூனையும் இல்ல, சோப்பும் இல்ல. சமதரையில நடக்கறப்பவே விழறேன்.

பாஞ்சாலி: ஏண்ணா மறைச்சீங்க?

ஆதிகேசவன்: உனக்குன்னு இருக்கறது நான் ஒருத்தன். உன்னத் தூக்க முடியாதுன்னு எந்த வாயால சொல்லுவேன்? அவமானமா இருந்துச்சு... பயமாவும் இருந்துச்சு. என்னம்மா, நான் அழறேன், நீ சிரிக்கிற?

பாஞ்சாலி: இதே சீட்டு எனக்கும் குடுத்து ரெண்டு வருஷம் ஆச்சுண்ணா. ஓஸ்வால்ட் பொட்டியத் தூக்கினப்பவே சேலைக்குள்ள இடுப்பு பெல்ட் கட்டியிருந்தேன். நீங்க முந்திட்டா உங்களையும் தூக்கிட்டு, அதுக்கப்புறம் டாக்டர் பேச்சக் கேக்கலாம்னு இருந்தேன்.