அழிக்கச் சொல்லும் உரிமை

முதலில் அந்த ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாமா? நாம் பேசுவது வராந்தாவில் இருப்பவர்கள் காதில் விழும். தப்பாக நினைக்காதீர்கள். தொழில் பழக்கம்.

நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் தகவல் பாதுகாப்பு அதிகாரி. எங்களுக்கு இங்கும் கிளை உண்டு, எல்லைக்கு அப்பால் உங்கள் நாட்டிலும் உண்டு. இரண்டு நாட்டுத் தகவல் சட்டங்களையும் அருகருகே வைத்து, எது எங்கே இடிக்கிறது என்று நிர்வாகத்துக்குச் சொல்வதுதான் என் வேலை. யாருக்கும் கொட்டாவி வராமல் இதை என்னால் விளக்க முடிந்ததில்லை. நீங்கள் இதை விசாரிக்கவே அங்கிருந்து வந்திருக்கிறீர்கள், ஆகவே பொறுத்துக்கொள்வீர்கள்.

உங்கள் சட்டத்தின் மீது எனக்குத் தனி மரியாதை. அங்கே ஒருவர் ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டால் போதும், தன்னைப் பற்றி ஒரு கடை வைத்திருக்கும் அத்தனை தகவலுக்கும் நகல் வந்துவிடும். அழி என்றால் அழித்துவிடுவார்கள். எங்கள் சட்டமும் நல்ல சட்டம்தான். ஆனால் நகல் கேட்டால் கிடைக்காது, அழிக்கச் சொன்னால் "சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது சார்" என்பார்கள். திருடுபவனுக்கு மட்டும் எல்லாம் உடனே கிடைக்கும். ஒரே ஒரு விஷயத்தில் இரண்டு சட்டமும் ஒத்துப்போகின்றன. வீட்டுக்குள், குடும்பத்துக்குள் புழங்கும் தகவலில் இரண்டுமே தலையிடுவதில்லை.

அந்த ஓட்டையில்தான் மச்சான் குடியிருந்தார். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். உங்கள் ஊரில் வேலை, வீடு, குடும்பம், எல்லாம் உண்டு. தங்கமான மனிதர். ஆனால் நாலு பேர் கூடிவிட்டால் குளியலறைக் கதையைச் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது.

கல்யாணமான புதிதில் அவர் வீட்டுக்கு விருந்துக்குப் போனேன். குளித்துவிட்டுப் பார்த்தால் கதவு திறக்கவில்லை. தட்டினேன், கூப்பிட்டேன், கடைசியில் கொஞ்சம் கத்தினேன். தெருவே வந்துவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, அது உள்பக்கம் இழுத்தால் திறக்கும் கதவு. நான் வெளியே தள்ளிக்கொண்டிருந்தேன். நடந்தது அவ்வளவுதான்.

மச்சான் வாயில் அது வளர்ந்தது. முதலில் என் துண்டு காணாமல் போனது. பிறகு தீயணைப்பு வண்டி வந்தது. தவறான தகவலைத் திருத்தக் கோரும் உரிமை இரண்டு நாட்டிலும் உண்டென்பதால், அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு மரியாதையாகக் கேட்டேன். "மச்சான், வண்டியெல்லாம் வரலையே. அதை மட்டும் மாத்திக்குங்களேன்."

"அதுக்கென்ன மாப்பிள்ளை, மாத்திட்டாப் போச்சு," என்றார். அன்று சாப்பாட்டு மேசையில் இரண்டு வண்டி வந்தது.

என் மேலதிகாரியையும் அன்று சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். மறுநாள் அலுவலகத்தில் என் அறைக் கதவில் 'இழு' என்று ஒட்டியிருந்தார்கள். எனக்கு வலித்தது. ஒரு மனிதன் வாழ்நாள் முழுக்கப் பிறர் மானத்தைக் காத்துவிட்டு, சொந்த மானத்தைக் காக்கச் சட்டத்தில் இடமில்லை என்று தெரிந்துகொள்வது எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

கதையை அழிக்க வழியில்லை. சொல்பவரை அழிக்க உங்கள் சட்டத்தில் வழி இருந்தது.

அலுவலகக் கோப்புகளை நான் தொடவில்லை. அது ஒழுங்கீனம். மச்சான் பயணச்சீட்டு எடுப்பதற்காக என் மனைவியின் போனுக்குப் பாஸ்போர்ட் நகல் அனுப்பியிருந்தார், கையெழுத்தோடு. அவர் பெயரில் புதிதாக ஒரு மின்னஞ்சல் திறந்து, அவரைப் போலவே எழுதினேன். பல் மருத்துவர், கண்ணாடிக் கடை, அவர் படித்த கல்லூரியின் சங்கம், முன்பு வேலை பார்த்த கம்பெனிகள், போன் கம்பெனி, படங்களைச் சேமித்து வைக்கும் நிறுவனம் என்று எல்லோருக்கும். முதலில் நகல் வாங்கினேன், பிறகு அழிக்கச் சொன்னேன். வங்கியும் வரி அலுவலகமும் சட்டப்படி அழிக்க இயலாது என்று பதில் எழுதின. அவர்கள் சொன்னது சரி. மற்றவர்கள் வருத்தம் தெரிவித்து அழித்துவிட்டார்கள். என்ன ஒரு கண்ணியம்.

போன் எண் போனதும் வங்கிக் கணக்குக்குள் அவரால் நுழைய முடியவில்லை. இருந்த வேலையை விட்டுவிட்டு அவர் சேரவிருந்த புது இடத்தில் விசாரித்தபோது, அப்படி ஒருவரைப் பற்றி எங்களிடம் தகவல் இல்லை என்று பழைய கம்பெனிகள் உண்மையையே சொல்லின, அந்த வேலையும் போயிற்று. வீட்டில் சண்டை, மச்சான் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீடு போய்விட்டார். கடைசியில் அவர் யாரிடம் வருவார்? குடும்பத்தில் சட்டம் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"நான் இருக்கேன்னே எவனும் ஒத்துக்க மாட்டேங்கறான் மாப்பிள்ளை," என்றார்.

"எழுத்துல கேளுங்க மச்சான்," என்றேன்.

எங்கள் பின்னறையில் தங்கவைத்தோம். வேலை போனதற்கு அவர் அழவில்லை. மகளின் சின்ன வயசுப் படங்கள் போனதற்குத்தான் அழுதார். மனசு கேட்கவில்லை. அலமாரியில் பூட்டி வைத்திருந்த என் நகலிலிருந்து ஒரு படத்தை எடுத்து, பழைய மின்னஞ்சலில் கிடைத்தது என்று கொடுத்தேன். முன்பல் விழுந்த குழந்தை சிரிக்கும் படம். என்னைக் கட்டிக்கொண்டு, "உங்களை விட்டா எனக்கு யாரு மாப்பிள்ளை," என்றார். அவர் என்னிடம் அவ்வளவு பிரியமாகப் பேசியதே இல்லை. அன்றிலிருந்து, அவர் மிகவும் சோர்ந்துபோகும் நாட்களில் மட்டும் ஒன்று கொடுக்கிறேன். அலமாரியில் இன்னும் நிறைய இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு வைத்திருப்பது, அதில் நீங்கள் தலையிட முடியாது.

பலனும் கிடைத்தது. இரண்டு மாதத்துக்கு முன் சொந்தக்காரர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். பிள்ளைகள் மச்சானைச் சுற்றிக்கொண்டு, "மாமா, அந்த பாத்ரூம் கதை சொல்லுங்க," என்று நச்சரித்தன. அவர் என்னைப் பார்த்தார். "எனக்கு எங்கடா அதெல்லாம் ஞாபகம் இருக்கு," என்று தலையைக் குனிந்துகொண்டார். திருமணமானதிலிருந்து அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தேன்.

என் மனைவி கரண்டியை வைத்துவிட்டு, "அண்ணன் சொல்லலன்னா என்ன, நான் சொல்றேன் வாங்க," என்றாள். அண்ணனை விட நன்றாகச் சொன்னாள். குரல் மாற்றி, என்னைப் போலவே கத்திக் காட்டி. மூன்று வண்டி வந்தது. மச்சான் பல நாளுக்கு அப்புறம் அன்றுதான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

நான் கோபப்படவில்லை. கோபத்தில் எதையும் செய்பவன் அல்ல நான். அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன், இனி அந்தக் கதை வேண்டாமே என்று அதே ராத்திரி கேட்டேன். "உங்களுக்கு எல்லாமே பெரிசுதாங்க, பேசாம தூங்குங்க," என்றாள்.

சரி, கையெழுத்து எங்கே போடவேண்டும்? ஆமாம், எல்லாம் நான்தான். மறைக்க எனக்கு எதுவும் இல்லை. போவதற்கு முன் ஒரு சின்னக் குறை. என் மனைவி கல்யாணத்துக்கு முன் உங்கள் நாட்டில்தான் படித்தாள், வேலை பார்த்தாள். அவள் பெயரில் போன விண்ணப்பங்களுக்குக் கெடு தாண்டியும் இன்னும் பதில் வரவில்லை. கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள்.