கண் திறக்காத படம்

ஐயா, முதலில் அந்த விளக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முகத்துக்கு நேரே வெளிச்சம் விழுந்தால் எவனும் கள்ளன் மாதிரித்தான் தெரிவான். தொழில் பழக்கத்தில் சொல்கிறேன், குறையாக எடுக்காதீர்கள்.

என் பெயர் தியாகராஜா. யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், மலாயாவில், ஈப்போவில் புகைப்படக் கடை வைத்திருக்கிறேன். ரப்பர்த் தோட்டத்துச் சனங்களுக்குப் படமென்றால் பயம். சாமிச் சிலைக்குக் கண் திறந்தால் உயிர் வருகிறதல்லவா, அதுபோலக் கண் விழுந்த படத்துக்குள் நம் உயிரும் போய்விடும் என்பார்கள். நான் வாதாடவில்லை. வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கை வைத்து, முன்னால் ஆளைப் பக்கவாட்டில் நிறுத்தி, நிழலுருவமாக எடுத்துக் கொடுத்தேன். நெற்றி, மூக்கு, நாடி எல்லாம் வரும். உள்ளே முழுக்கக் கறுப்பு. கண்ணே இல்லாத படத்தால் உயிருக்கு என்ன ஆபத்து? அந்த யோசனைக்கு என்னை மெச்சாத ஆளில்லை.

உடையப்பனும் அவன் பெண்சாதி செல்லாயியும் அப்படித்தான் வந்தார்கள். தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவர்கள். செல்லாயியுடையதைப் போல ஒரு பக்கவாட்டு முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் படமெடுத்தேன். அவள் என்னை அண்ணே என்பாள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. இந்த ஊரில் மீன்காரனையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஒரு நாள் உடையப்பன் தனியாக வந்தான்.

“ஊருக்குப் போறோம்ண்ணே. அடுத்த மாசம் பினாங்குல கப்பல். அவ இனிமே படம் புடிக்க வரமாட்டா.”

கோபமில்லாமல்தான் சொன்னான். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

போகிறவனுக்கு இனாமாக ஒரு படம் எடுத்துத் தருகிறேன் என்றேன். கடைக்குப் பின்னால் ஈயம் தோண்டி, வேலை நின்றுபோய்த் தண்ணீர் நிரம்பிய ஆழமான குட்டை இருக்கிறது. அதன் மணற்கரையில் வானத்துக்கு எதிரே நின்றால் அந்தி வெளிச்சமே போதும். “கொஞ்சம் பின்னுக்குப் போம்” என்றேன். போனான். “இன்னும் கொஞ்சம்.” சொன்னதைக் கேட்கிற ஆள். கரை இடிந்தது. கூப்பிட்டான். நான் கமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தேன். படம் தெளிகிறதா என்று பார்க்கும்போது அசையக் கூடாது. துணியை விலக்கியபோது தண்ணீர் அமைதியாக இருந்தது. நான் அவனைத் தொடவே இல்லை. முந்தின நாள் அதே இடத்தில் ஓர் ஆடு சறுக்கி மீளாமல் போனதை நான் பார்த்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? புருஷன் ஓடிவிட்டான் என்று தோட்டத்தில் அவளைக் கரித்துக் கொட்டினார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. வெறுங்கையோடு ஊருக்குப் போக வெட்கப்பட்டுத் தெலுக் ஆன்சனில் வேலைக்குப் போயிருக்கிறான் என்று அவளிடம் சொன்னேன். அத்தாட்சிக்கு ஒரு படம் கொடுத்தேன், தலைப்பாகை கட்டிய நிழலுருவம். மூக்குக் கொஞ்சம் நீளம்தான். கண் விழுந்த படத்துக்கு அவன் பயப்படுவான் என்று அவளுக்கே தெரியும், அதனால் சந்தேகம் வரவில்லை. பிறகு தீபாவளிதோறும் ஒன்று கொடுத்தேன். கமராவோடு பூட்டிய நீளமான ரப்பர்க் குழாயும் அமுக்குகிற குமிழும் இருந்தால், படமெடுக்கிறவனே படத்திலும் நிற்கலாம்.

அதைச் சாமி மாடத்தில் வைத்து, காலையில் கும்பிட்டுத் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதாக அவளே சொன்னாள். அன்று எனக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

இப்போது சீனர்கள் குட்டையைக் குத்தகைக்கு எடுத்துத் தண்ணீரை இறைத்தார்கள். எலும்போடு வெள்ளி அரைஞாண் கிடைத்தது. செல்லாயி அதை அடையாளம் காட்டிவிட்டு நேரே என் கடைக்கு வந்தாள். கையில் அந்தப் படங்கள். அழவில்லை. வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கை அவளே ஏற்றி வைத்தாள், பார்த்துப் பழகியவள்.

“அண்ணே, இப்படி வந்து திரும்பி நில்லுங்க.”

மறுத்திருக்கலாம். ஆனால் அவள் முதல்முறையாக என்னைப் பார்க்க ஆசைப்பட்டாள். நின்றேன். நாடியைச் சற்று உயர்த்தினேன். எல்லோருக்கும் நான் சொல்வதுதான். அவள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன்னோடு வந்து வாசலில் நின்ற உங்கள் போலீஸ்காரர்களைக் கூப்பிட்டு, “இவன்தான்” என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன்.

உடையப்பனை நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மேலே ‘செல்லாயி, விதவை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். இத்தனை தீபாவளியாக அவள் தாலியை ஒற்றிக்கொண்டது என்னைப் பார்த்து. அவள் புருஷன் உயிரோடுதான் இருக்கிறான், ஐயா.