கலைத்து அனுப்பாத கூட்டம்

அவையை ஆளும் அன்புத் தலைவி ஓப்பல் ஹாக்னர் அவர்களே, சோளக்கொல்லை வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, செரோக்கி மொழியைச் சோறோடு ஊட்டிய தாய்மார்களே, அதைத் தட்டுத்தடுமாறிப் பயிலும் மாணவர்களே, அதை ஆராயும் அறிஞர்களே, கதவருகே நிற்பவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்!

இன்று வெளியாகும் சுவடித் தொகுப்பில் ஒரு பக்கத்தின் அடியில் சிவப்பெழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: 'தொடங்கினால் கடைசி வரி வரை படி.' ஏன்? சொல்கிறேன்.

அது பழைய கதுகிக் கூட்டத்தின், அதாவது கூலி வாங்காமல் ஊர்வேலை செய்தவர்களின், பெயர்ச் சுவடி. ஊரில் சாவு விழுந்தால் குழி வெட்டியவர்கள் அவர்கள். தலைவன் பெயர் கூப்பிடுவான். 'இருக்கேன்' என்றவன் மண்வெட்டி எடுக்க வேண்டும். தலைவன் கலைத்து அனுப்பும் வரை ஒருவனும் வீடு திரும்ப மாட்டான். அந்தக் கலைத்து அனுப்பும் சொல்தான் சுவடியின் கடைசி வரி.

ஒரு பகல் நாங்கள் மூவர் அமர்ந்தோம். ரோசெல்லா சூவி ஒலிப்பதிவுக்காக வாசித்தாள், விர்ஜில் பொருள் எழுதினான், நான் சொற்களைப் பிரித்தேன். ரோசெல்லாவின் தம்பி அமோஸ் மருத்துவமனையில் நினைவின்றிக் கிடந்தான். வீட்டில் இருப்புக் கொள்ளாமல்தான் அவள் வந்திருந்தாள்.

தன் பாட்டன் பெயர் வந்ததும் விர்ஜிலுக்கு நாக்கு நிற்கவில்லை.

"இருக்கேன் அக்கா. மண்வெட்டி மட்டும் சின்னதா குடு."

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருடா."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், நாங்களும் சிரித்தோம். அடுத்த பெயர். "இருக்கேன்." ரோசெல்லா நிமிரவில்லை. "போதும் விர்ஜில்." விர்ஜில் வாய் நிறைய அவரை ரொட்டி. நானும் பேசவில்லை. பெயருக்குப் பெயர், குரலுக்குக் குரல், கதவருகிலிருந்து வந்தது பதில்! அப்போது தொலைபேசி அடித்தது. அமோஸுக்கு மோசம் என்றார்கள். அவள் தாளை மூடிவிட்டு ஓடினாள். கடைசி வரி வாசிக்கப்படவில்லை.

மறுநாள் காலை கல்லறைத் தோட்டத்தில், சூவி குடும்பத்து வரிசையில், ஒரு குழி. வெட்டியது யார்? வெட்டச் சொன்னது யார்? செத்தது யார்? யாரும் சாகவில்லை, அன்பர்களே. அமோஸ் இன்னும் மூச்சோடுதான் இருந்தான்.

"நான்தான் கூப்பிட்டேன்," என்றாள் ரோசெல்லா.

"அப்ப நீயே போகச் சொல்லு அக்கா. நீ சொல்லாம அவங்க நகர மாட்டாங்க."

அவள் தாளைப் பிரித்தாள். தன் சொல் ஒன்று, பிறகு கடைசி வரி. "எங்க வீட்ல யாரும் சாகல. வேலை முடிஞ்சது. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

காற்றில்லை. ஆனாலும் கரையில் குவிந்திருந்த செம்மண் உள்ளே விழத் தொடங்கியது, மண்வெட்டி அளவாக, வரிசையாக. நான் பயந்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். மதியம் அமோஸ் கண் விழித்து ரொட்டி கேட்டான். இதோ, முன்வரிசையில் இருக்கிறான். எழுந்து நில், அமோஸ்.

"உக்காந்தே இருக்கேன், மாமா. நீங்க முடிங்க."

முடிக்கிறேன். நம் சொற்கள் செத்தவை என்று சொன்னவர் யார்? செத்த சொல் வருமா? செத்த சொல் வெட்டுமா? செத்த சொல் மூடுமா? மாணவர்களே, பொருள் எழுதுங்கள், ஒலி எழுதுங்கள், அந்தச் சொல்லைக் கேட்டு யார் வருவார் என்பதையும் எழுதுங்கள்! வரவழைக்கத் தெரிந்த வாய்க்கு வழியனுப்பவும் தெரிய வேண்டும்.

சற்றுமுன் இம்மேடையில் இரு மாணவர்கள் அப்பெயர்களை அழகாக வாசித்தார்கள். நேரமில்லையென்று கடைசி வரியை விட்டுவிட்டார்கள். ஏன் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறீர்கள்? கதவருகே யாரும் இல்லை என்கிறீர்களா? இருக்கட்டும்.

வந்தவர்களுக்கெல்லாம் நன்றி. இங்கே யாரும் சாகவில்லை. வேலை முடிந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போங்கள். வணக்கம்.