ஒரு பிடி ஈசல்

ஈசலை வறுக்கும்போது எண்ணெய் ஊற்றக் கூடாது. நிறையப் பேர் அந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள். அதன் உடம்பிலேயே வேண்டிய அளவு நெய் இருக்கிறது. வெறும் சட்டியில் போட்டு, தீயைக் குறைத்து, கை ஓயாமல் கிண்டினால் இறக்கை தானாக உதிரும். முறத்தில் புடைத்துவிட்டு, வறுத்த அரிசி, பொட்டுக்கடலை, உப்பு, மிளகாய்ப்பொடி சேர்த்தால் ஆயிற்று. நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்களா மேடம்? மழைக்காலத்துக்கு அதை அடித்துக்கொள்ள வேறு தீனி கிடையாது.

கேட்டதற்கு வருகிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கும் எழுத வசதி.

என் பெயர் ரெங்கம்மாள், வயது ஐம்பத்தெட்டு. நாகமலை புதுக்கோட்டையில் சொந்த வீடு. வீட்டுக்காரர் தவறி ஒன்பது வருஷம் ஆகிறது. மகன் சூரியபிரகாஷ் கனடாவில். ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டுவான், “சாப்டியாம்மா” என்பான், நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு வேறு ஜோலி வந்துவிடும். அரை லிட்டர் பால் வாங்கினால் பாதியைக் கீழே கொட்டுகிற வீடு என்னுடையது. மூன்று நாள் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, தள்ளுவண்டிக்காரரிடம் கத்தரிக்காய் கேட்கப் போனால் குரல் எழும்பாது. அவர் “ஒடம்பு சரியில்லையாக்கா” என்பார். அவர் கேட்டதே அன்றைக்குப் போதும் எனக்கு.

மாடி அறைக்குத் தமிழ்வாணி வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். ஓசூர்ப் பிள்ளை. தாய் தகப்பன் இல்லை, சித்தப்பா வளர்த்தது. இங்கே யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி செய்ய வந்தாள். முதல் மாசம் என்னை ஆன்ட்டி என்றாள். “என்ன ஆன்ட்டி கீன்ட்டி, அத்தைன்னு கூப்பிடு” என்று மாற்றினேன். அம்புட்டு, இம்புட்டு எல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதான். “போயிட்டு வாரேன் அத்தை” என்று ஒரு குரல் கொடுக்காமல் அவள் வாசல் தாண்டியதில்லை.

போன வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. வீட்டுக்குப் பின்னால் விற்காத காலி மனை ஒன்றில் பெரிய புற்று இருக்கிறது. சாயங்காலம் மழை விட்டதும் நாலு குச்சி நட்டு, பழைய சேலையைச் சுற்றிக் கட்டி, உள்ளே விளக்கும் அகலச் சட்டியில் தண்ணீரும் வைத்தேன். ஈசல் வெளிச்சத்துக்கு வந்து தண்ணீரில் விழும். அவளும் கூடவே நின்று வீடியோ எடுத்தாள். வறுத்துக் கொடுத்தேன். பயந்து பயந்து ஒரு கை தின்றாள். “அத்தை, முந்திரி மாதிரில்ல இருக்கு” என்று இன்னொரு கை வாங்கினாள்.

அரை மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்துவிட்டது. உதடு வீங்கி, குரல் கம்மிப்போனது. சிலருக்கு ஈசல் ஆகாது, எங்கள் பக்கத்தில் அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அழகுபாண்டி ஆட்டோவில் காளவாசல் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஊசி போட்டு அனுப்பினார்கள். சித்தப்பாவுக்குச் சொல்ல வேண்டாம், வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று அவளேதான் சொன்னாள்.

எட்டு நாள் கீழே என் கட்டிலில் கிடந்தாள். ரசச் சாதம் குழைத்து ஊட்டினேன். வெற்றிலையில் மிளகு மடித்து மெல்லக் கொடுத்தேன். தலை வாரிப் பின்னிவிட்டேன். பால் ஒரு சொட்டு மிச்சமாகவில்லை. நான் சந்தோஷமாக இருந்த நாட்களைச் சொல்லச் சொன்னால், கல்யாணத்துக்கும் பிள்ளை பிறந்ததற்கும் அடுத்து இந்த எட்டு நாளைத்தான் சொல்வேன். ஒன்பதாம் நாள் குளித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

இந்த வருஷம் படிப்பு முடிந்தது. ஹைதராபாத்தில் வேலை, வெள்ளிக்கிழமை ரயில் என்று புதன்கிழமை வந்து சொன்னாள். “அடிக்கடி வருவேன் அத்தை” என்றாள். என் மகனும் அதையேதான் சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்குச் சாயங்காலமே மழை கொட்டியது. மழையை நான் வரவழைக்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் எள்ளுருண்டை பிடித்தேன். எள், வெல்லம், ஏலக்காய். அதோடு வறுத்த ஈசல் ஒரே ஒரு பிடி, உரலில் மாவாக இடித்தது. போன தடவை அவள் தின்றது இரண்டு கை, அதற்கு எட்டு நாள். இது ஒரு பிடி, அதுவும் பன்னிரண்டு உருண்டைக்கு. ஒரு ரயில் தவறும், இரண்டு நாள் கட்டிலில் இருப்பாள் என்று பார்த்தேன். பேராசைப்படவில்லை.

ஜாக்கிரதையான பிள்ளை. கையில் வாங்கிக்கொண்டு, “அத்தை, ஈசல் வறுத்த சட்டியில செய்யலயே?” என்று கேட்டாள்.

“ஏன்டி, எனக்குத் தெரியாதா? வெறும் எள்ளும் வெல்லமுந்தான், தின்னு.”

மூன்று தின்றாள்.

இந்தத் தடவை தடிப்பெல்லாம் வரவில்லை. நேராகத் தொண்டைக்குப் போய்விட்டது. போன வருஷம் ஊசி போட்ட டாக்டர் அப்போதே சொன்னார், “அடுத்த தடவ இம்புட்டு லேசா இருக்காதும்மா, தொடக்கூட விடாதீங்க” என்று. காதில் விழாமல் இல்லை. டாக்டர்கள் நாலு வார்த்தை கூட்டித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்டோ வேண்டும் என்று கை காட்டினாள். நான் போனைக் காதில் வைத்துப் பேசிவிட்டு, “அழகுபாண்டி வந்துக்கிட்டே இருக்கான்டி” என்றேன். அவனுக்கு என் போனிலிருந்து அழைப்பே போகவில்லை என்கிறீர்கள். சரிதான், போகவில்லை. அவன் தெருமுனையில்தான் நின்றிருந்தான். இந்தத் தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் சித்தப்பாவுக்குச் சொல்லாமல் விடமாட்டார்கள், அவர் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார். அதனால் மடியில் சாய்த்துக்கொண்டு வெற்றிலை மிளகை வாயில் வைத்தேன். மெல்ல முடியவில்லை. மூன்று தடவை வாசலைக் காட்டினாள், மூன்று தடவையும் வந்துவிட்டான் என்றேன். அப்புறம் வாசலைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த நகத் தடம் அப்போது பட்டதுதான். மல்லுக்கட்டியது என்று எழுதாதீர்கள், பிள்ளைகள் பயந்தால் அப்படித்தான் பிடிக்கும்.

தெரிந்துதான் கொடுத்தேன். தெரிந்துதான் ஆட்டோவைக் கூப்பிடவில்லை. நான்தான் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் மேடம், அவள் சித்தப்பாவுக்கு ஆறுதலாக இருக்கும். கடைசி வரைக்கும் பிள்ளையை நான் தனியாக விடவில்லை.